பக்கத்தில் அமர்ந்தவருக்கு ஒரு மேடை

குரோம்பேட்டைக்குக் கிழக்கே, அஸ்தினாபுரத்தில், ஒரு சிறிய கல்யாண மண்டபத்தில் சென்ற மார்கழியில் நடந்த நாட்டிய அஞ்சலி ஒன்றைக் காணும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. பொன்னாடையும் வாழ்த்துரையும் அங்கே இல்லை. மேடையின் ஓரத்தில், நட்டுவனார் அமரும் இடத்தில் மாலையிட்ட படத்தை வைத்து, அதன் முன்னே தாளம் தட்டும் தட்டுக்கழியையும் தட்டுமணையையும் கிடத்தி, ஒன்பது பத்துப் பிராயத்துச் சிறுமிகள் ஒவ்வொருவராக அவற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆட வந்தார்கள். படத்திலிருந்தவர் பரதநாட்டிய நட்டுவனார் வழுவூர் ராமையா பிள்ளை.

மாயவரத்துக்கு அருகிலுள்ள வழுவூர், அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. யானையை உரித்துப் போர்த்த கஜசம்ஹாரமூர்த்தி, உடலைத் திருகிக் காலைத் தூக்கி நிற்கும் கோலத்தில் அங்கே எழுந்தருளியிருக்கிறார். அந்த ஊரில் 1910இல் பிறந்து, மாணிக்க நட்டுவனாரிடம் பயின்ற ராமையா பிள்ளையின் பாணியில், ஜதிகளுக்கு நடுவே திடீரென்று சிலைபோல் நின்றுவிடும் அழகு நிலைகள் இத்தனை லாவண்யத்தோடு அமைந்ததற்கு, பால்யத்தில் அவர் நித்தமும் கண்ட அந்த மூர்த்தியே காரணமாயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. யானைக்கு ‘ஹஸ்தி’ என்று பெயர் வந்தது, கை எனும் ‘ஹஸ்த’த்தை, அதாவது துதிக்கையை, உடையதால். நாட்டிய முத்திரைக்கும் ஹஸ்தம் என்றே பெயர். அந்த யானையின் பெயர் ஒலிக்கும் அஸ்தினாபுரத்தில் அவருக்கு அஞ்சலி நடந்தது மனத்துக்கு இதமாயிருந்தது.

ராமையா பிள்ளை சினிமாவுக்கும் ஆட்டம் அமைத்தவர். கச்சேரி மேடையில் வர்ணம் அரை மணிக்கு மேலும் விரியும். சினிமாவிலோ சில நிமிஷங்களுக்குள் ரசிகன் மனத்தைக் கவர்ந்தாக வேண்டும். அதுமட்டுமன்று, சபையில் ஆடுபவளின் முழு உருவத்தையும் ஓரிடத்திலிருந்து காண்கிறவனுக்கு, திரையில் ஒரு கணம் முகமும் மறுகணம் பாதமுமாகக் காமிராவே தேர்ந்து காட்டுகிறது. தலைமுறை தலைமுறையாய் வந்த சம்பிரதாயத்தை இந்தக் குறுகிய சட்டத்துக்குள் சிதையாமல் அடக்குவது எளிய காரியமா? ப. நீலகண்டனின் மேடை நாடகத்திலிருந்து ஏவி.எம். எடுத்து 1947இல் வெளியிட்ட ‘நாம் இருவர்’ படத்தில், டி.கே. பட்டம்மாளின் குரலில் ஒலித்த பாரதியார் பாட்டுகளுக்கு, ராமையா பிள்ளையின் சிஷ்யை குமாரி கமலா ஆடியதைக் கண்டவர்களுக்கு இதற்கு விடை தெரியும். சதிர் என்று இகழப்பட்டுக் கிடந்த கலை, சபைகளின் வாசலையே மிதித்தறியாத ஜனங்களிடம் டெண்டுக் கொட்டகை வழியாகப் போய்ச் சேர்ந்தது. அவர் பாணியில் கவர்ச்சி மிகுதி என்று குறை சொன்னவர்கள் இந்த உபகாரத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

என் பக்கத்து நாற்காலியில் இருந்த மூதாட்டி, “அந்தப் படத்தைப் பாத்துட்டு வந்துதான் தம்பி, எங்க தெருப் பொண்ணுங்க அத்தனை பேரும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஆடினோம், எங்கப்பாகூட அன்னைக்கு ஒண்ணும் சொல்லலே!” என்றார்.

கமலா 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவையொட்டி லண்டனில் ஆடினார். குருவுக்கு 1966இல் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. 1979இல் அவர் மறைந்தார். நட்டுவனார் எழுதிவைத்துப் போவது சொற்பம். அவருடைய சொத்தெல்லாம் சிஷ்யைகளின் உடம்பில்தான் இருக்கிறது. பத்மா சுப்ரமண்யமும் சித்ரா விஸ்வேஸ்வரனும் அவரிடம் பயின்றவர்களே. ஆகையால் அவருக்குச் செய்யும் மரியாதை ஆட்டமாகவே இருப்பது நியாயம்.

அன்றைய அஞ்சலியில் கடைசியாகப் பாம்பாட்டம். கமலாவுக்குப் பெரும் புகழைத் தந்த அந்த ஆட்டத்துக்கு வந்த பெண்ணின் இடக்கால் சலங்கைப் பட்டை பாதியில் தளர்ந்துவிட்டது. அவள் நிற்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே படமாகக் குவித்து, தரையில் படிந்து, மெல்ல நெளிந்து குருவின் மாலையிட்ட படத்தின் அருகே வந்தாள். அவிழ்ந்த சலங்கை தட்டுமணையில் இடித்து ஒருமுறை கலீரென்றது.