கேட் தேர்வில் வெர்பல் மார்க் ஏறணுமா? கோச்சிங் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



எம்.பி.ஏ. படிக்க எவ்வளவு செலவாகும், கடன் வாங்கலாமா என்று சேனலில் பேசியதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "குவான்ட்ஸ் நல்லா வருது, வெர்பல்தான் இழுக்குது. வெர்பலுக்குன்னு தனியா கோச்சிங் சேரலாமா? வேலையை விட்டுட்டுப் படிக்கலாமா?" இரண்டுமே பணம் சம்பந்தப்பட்ட முடிவு. அதனால இங்கே விரிவாவே பார்த்துடலாம்.

முதல்ல ஒரு தெளிவு. நான் சொல்றது ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர எழுதற காமன் அட்மிஷன் டெஸ்ட். இன்ஜினியரிங் படிச்சவங்க எம்.டெக்.குக்கு எழுதற கேட் வேற.

ஏன் வெர்பலை விட்டுத்தள்ள முடியாது?

2024 கேட் தேர்வில் மொத்தம் 68 கேள்விகள். வெர்பல் பகுதியில் 24, டேட்டா இன்டர்பிரட்டேஷன் மற்றும் லாஜிக்கல் ரீசனிங்கில் 22, குவான்ட்ஸில் 22. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிஷம். ஒரு பகுதியில் மிச்சமான நேரத்தை இன்னொரு பகுதிக்கு எடுத்துக்க முடியாது.

அதாவது மொத்த மதிப்பெண்ணில் மூணில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகம் வெர்பல்தான். அது மட்டுமில்லை. பல ஐ.ஐ.எம்.கள் மொத்த பெர்சென்டைலோடு சேர்த்து, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்ச பெர்சென்டைல் கேட்குது. குவான்ட்ஸில் 98 வாங்கி, வெர்பலில் 60 வாங்கினா, மொத்தம் நல்லா இருந்தும் இன்டர்வியூ அழைப்பு வராமல் போகலாம். கேட் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்குது. இதில் தவறினா அடுத்த நவம்பர் வரைக்கும் காத்திருக்கணும்.

கேள்வித்தாளில் என்ன இருக்கு?

24 கேள்வியில் வழக்கமா 16 ரீடிங் காம்ப்ரிஹென்ஷன். நாலு பாசேஜ், ஒவ்வொண்ணுக்கும் நாலு கேள்வி. மீதி 8 கேள்வி வாக்கியங்களை வரிசைப்படுத்தறது, பொருந்தாத வாக்கியத்தைக் கண்டுபிடிக்கறது, ஒரு பத்தியின் சுருக்கத்தைத் தேர்ந்தெடுக்கறது, விடுபட்ட வாக்கியம் எங்கே வரும்னு சொல்றது மாதிரி.

இதில் கவனிங்க, நேரடியா வார்த்தைக்கு அர்த்தம் கேட்கிற கேள்வி இல்லை. கிராமர் திருத்தற கேள்வியும் இல்லை. அதனால 3,000 வார்த்தை மனப்பாடம் பண்ற புத்தகத்தில் போடற பணமும் நேரமும் இந்தத் தேர்வைப் பொறுத்தவரை பெரிசா திரும்பி வராது.

"எனக்கு வேகமா படிக்க வரலை"

அதிகம் கேட்கிற புகார் இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாசேஜ் சுமார் 500 வார்த்தைன்னு வைங்க. நிமிஷத்துக்கு 150 வார்த்தை படிக்கிறவருக்கு ஒரு பாசேஜுக்கு 3 நிமிஷம் 20 விநாடி. நாலு பாசேஜுக்கு 13 நிமிஷம் 20 விநாடி. வேகத்தை 200 வார்த்தையா ஏத்தினா நாலுக்கும் சேர்த்து 10 நிமிஷம்.

மிச்சம் எவ்வளவு? வெறும் 3 நிமிஷம் 20 விநாடி. இதுக்காக ஸ்பீட் ரீடிங் கிளாஸில் பணம் கட்டணுமா? நேரம் உண்மையில் கரையற இடம் வேற. பாசேஜை முடிச்சதும் "என்ன சொன்னாரு?"ன்னு தெரியாம, ஒவ்வொரு கேள்விக்கும் திரும்பிப் போய் முழுசா படிக்கிறோம் பாருங்க, அங்கேதான் போகுது. ஒரே தடவை, நிதானமா, ஒவ்வொரு பத்தி முடிவிலும் "இந்தப் பத்தியில என்ன சொல்ல வர்றாரு"ன்னு மனசுக்குள்ள ஒரு வரி சொல்லிட்டுப் படிச்சா, திரும்பப் போறது பாதியா குறையும்.

நெகட்டிவ் மார்க் கணக்கு

சரியான பதிலுக்கு 3 மார்க். ஆப்ஷன் உள்ள கேள்வியில் தப்பானா ஒரு மார்க் போகும். இரண்டு பேரை எடுத்துக்குவோம். கணக்கு எளிமையா இருக்க, எல்லாமே ஆப்ஷன் உள்ள கேள்வின்னு வைங்க.

முதல் ஆள்: 22 கேள்வி போட்டார். 11 சரி, 11 தப்பு. 33 – 11 = 22 மார்க்.

இரண்டாவது ஆள்: 15 கேள்விதான் போட்டார். 12 சரி, 3 தப்பு. 36 – 3 = 33 மார்க்.

இரண்டு பேருக்கும் சரியான பதிலில் வித்தியாசம் ஒரே ஒரு கேள்வி. மார்க்கில் வித்தியாசம் 11. எல்லாத்தையும் தொட்டுடணும்னு அவசரப்பட்டதில், முதல் ஆளுக்குத் தெரிஞ்ச கேள்வியும் தப்பாயிருக்கு.

அப்போ எப்போ ரிஸ்க் எடுக்கலாம்?

• நாலு ஆப்ஷனில் எதையுமே நீக்க முடியலையா? சராசரி லாபம் பூஜ்யம். விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.
• ஒரு ஆப்ஷனை உறுதியா நீக்கிட்டீங்களா? சராசரியா மூணில் ஒரு பங்கு மார்க் லாபம். நேரம் இருந்தா போடலாம்.
• இரண்டை நீக்கிட்டீங்களா? சராசரி லாபம் ஒரு மார்க். கண்டிப்பா போடுங்க.
• பதிலை டைப் பண்ற கேள்விக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது. அதைக் காலியா விடவே கூடாது. ஆனா நாலு வாக்கியத்தை வரிசைப்படுத்த 24 விதம் இருக்கு, சும்மா போட்டா கிடைக்கற வாய்ப்பு குறைவு. ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் அதில் உட்காராம ஒரு பதிலைப் போட்டுட்டு நகருங்க.

சரி, ஆப்ஷனை எப்படி நீக்கறது?

வெர்பல் மார்க் ஏறறது இந்த இடத்தில்தான். தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனா லாஜிக் புரிய, நானே தமிழில் ஒரு சின்னப் பத்தி எழுதியிருக்கேன்:

"ஆன்லைன் விற்பனை வந்ததும் சிறு நகரக் கடைத்தெருக்கள் அழிந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். விலையை மட்டும் பார்த்தால் அது நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் கடைக்காரர் தரும் கடன், பொருள் பழுதானால் உடனே மாற்றித் தரும் வசதி, பழகிய முகம், இவை விலைப்பட்டியலில் வருவதில்லை. கடைத்தெரு தாக்குப்பிடித்த காரணத்தை விலையில் தேடுபவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள்."

ஆசிரியரின் மையக் கருத்து எது?

1. ஆன்லைனை விட கடைத்தெருவில் விலை குறைவு.
2. சிறு நகர வாடிக்கையாளர்கள் விலையைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை.
3. கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களுக்குக் கடன் தருகிறார்கள்.
4. கடைத்தெரு நிலைத்ததை விலையை மட்டும் வைத்து விளக்க முடியாது.

முதல் ஆப்ஷன் பத்தியைத் தலைகீழாக்குது. விலையில் ஆன்லைனுக்குத்தான் சாதகம்னு ஆசிரியரே ஒத்துக்கறார். இரண்டாவது மிகைப்படுத்துது. "இல்லை"ன்னு சொல்லலை, "இல்லவே இல்லை"ங்குது. "எப்போதும்", "மட்டுமே", "ஒருபோதும்" மாதிரி வார்த்தை வந்தா, அதுக்குப் பத்தியில் ஆதாரம் இருக்கான்னு பாருங்க. மூணாவது உண்மைதான், பத்தியிலும் இருக்கு. ஆனா அது ஒரு உதாரணம், மையக் கருத்து இல்லை. நாலாவதுதான் விடை.

"சிறு கடைகளை அரசு பாதுகாக்க வேண்டும்"னு ஒரு ஆப்ஷன் இருந்திருந்தா? கேட்க நல்லா இருக்கும். நீங்களும் நானும் ஒத்துக்கலாம். ஆனா ஆசிரியர் அதைச் சொல்லவே இல்லை. நல்லா படிச்சவங்க அதிகம் மாட்டறது இந்த வகையில்தான், ஏன்னா நம்ம சொந்தக் கருத்தைப் பாசேஜுக்குள்ள கொண்டு போயிடறோம். ஆடிட்டில் வவுச்சர் இல்லாத செலவை நாங்க ஏத்துக்க மாட்டோம். அதே விதி இங்கேயும். பாசேஜில் வரி காட்ட முடியலைன்னா, அந்த ஆப்ஷன் செல்லாது.

தப்புக்கு ஒரு லெட்ஜர்

ஒரு எக்ஸெல் ஷீட் போதும். ஐந்து காலம்: கேள்வி வகை, எடுத்துக்கிட்ட நேரம், நான் போட்டது, ஏன் போட்டேன், சரியான விடைக்கு ஆதாரமான வரி. தப்பான கேள்வியை மட்டும் இல்லாம, குருட்டாம்போக்கில் சரியானதையும் எழுதுங்க.

தப்புக்கான காரணத்துக்கு நான் மேலே சொன்ன பெயர்களையே வைங்க: தலைகீழ், மிகை, உதாரணம், வெளியே இருந்து வந்தது. ஐந்து மாக் டெஸ்ட் முடிஞ்சதும் கூட்டிப் பாருங்க. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு காரணத்தில்தான் மார்க் ஒழுகிட்டு இருக்கும். "எனக்கு இங்கிலீஷ் வீக்"ங்கறது பொத்தாம்பொதுவான பேச்சு, அதை வச்சு எதையும் சரி பண்ண முடியாது. "மிகையான ஆப்ஷனில் ஏமாந்து எட்டு மார்க் விட்டேன்"ங்கறது சரி பண்ணக்கூடிய விஷயம்.

வேலையோட எப்படிப் படிக்கறது?

• திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் 45 நிமிஷம். இரண்டு பாசேஜ், கூடவே லெட்ஜர்.
• ஆபீஸ் பஸ், ட்ரெயினில் தினம் ஒரு நீளமான கட்டுரை. தலையங்கம் படிக்கறது நல்ல பழக்கம்தான். ஆனா கேட் பாசேஜ்கள் தத்துவம், சமூகவியல், சூழலியல், வரலாறு, கலைன்னு போகும். ஏயான் மாதிரி இலவச இணைய இதழ்களில் அந்த வகைக் கட்டுரைகள் கிடைக்கும். பிடிக்காத தலைப்பையே தேடி எடுங்க.
• சனிக்கிழமை, 40 நிமிஷ வெர்பல் டெஸ்ட் ஒண்ணு. அதை அலச குறைஞ்சது ஒரு மணி நேரம்.
• இரண்டு வாரத்துக்கு ஒரு முழு மாக் டெஸ்ட். அக்டோபரிலிருந்து வாரம் ஒண்ணு.

இப்போ பணத்துக்கு வருவோம்

2024-ல் தேர்வுக் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 2,500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 1,250 ரூபாய். பழைய வினாத்தாள்கள் இலவசமா கிடைக்குது. அடுத்த செலவு ஒரு மாக் டெஸ்ட் தொகுப்பு, அது சில ஆயிரத்தில் முடியும். பத்து வாரம் லெட்ஜர் போட்ட பிறகும் அதே காரணத்தில் மார்க் போகுதுன்னா, அப்போ ஒரு ஆசிரியர் தேவை. அந்த ஷீட்டோட போங்க. எங்கே உதவி வேணும்னு கேட்டு, அந்த அளவுக்கு மட்டும் பணம் கட்டலாம்.

வேலையை விடறது? மாதம் 45,000 சம்பளம்னா ஆறு மாதத்துக்கு 2,70,000 ரூபாய். கூடவே பி.எஃப். பங்களிப்பும் கம்பெனி இன்ஷூரன்ஸும் போகும், இன்டர்வியூவில் அந்த இடைவெளிக்குப் பதிலும் சொல்லணும். முன்னணி ஐ.ஐ.எம்.களில் படிப்புக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுது. அங்கே போகப் போறவருக்கு இந்த 2,70,000 சேமிப்பா கையில் இருந்தா, கடன் அந்த அளவுக்குக் குறையும். வெர்பலுக்குத் தேவை தினம் ஒரு மணி நேரம், அதைப் பல மாதம் விடாம பண்றது. ஒரே நாளில் எட்டு மணி நேரம் பாசேஜ் படிச்சாலும், மூணாவது மணி நேரத்துக்கு மேல் மூளை வாங்காது. அதனால வெர்பலுக்காக மட்டும் வேலையை விடாதீங்க.

இந்த சனிக்கிழமை ஒரு பழைய வெர்பல் தாளை எடுத்து, 40 நிமிஷம் டைமர் வச்சு எழுதுங்க. மார்க் என்ன வந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை லெட்ஜரில் முதல் வரியைப் போடுங்க. கோச்சிங் முடிவை அதுக்கப்புறம் எடுத்துக்கலாம்.