பச்சைக் கண்ணாடி

அமெரிக்கரான எல். பிராங்க் பாம் 1900-ல் எழுதிய 'ஓஸ் நாட்டு மந்திரவாதி' என்னும் கதையை 1939-ல் ஹாலிவுட்டார் படமாக்கினர். நூலில் வெள்ளிப் பாதரட்சையாக இருந்தது, வர்ணப் படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று மாணிக்கப் பாதரட்சையாயிற்று. இதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. பழுப்பு நிறக் கான்ஸாஸ் வீட்டின் கதவைச் சிறுமி டாரதி திறந்ததும் வர்ண உலகம் விரிகிறதே, அது சினிமாவுக்கே உரிய விந்தை!

நமது மனக்குறை வேறு. நூலில் மரகத நகரத்துக்குள் நுழையும் எவரும் பச்சைக் கண்ணாடி அணிந்தாக வேண்டும். கழற்ற முடியாதபடி காவலன் அதைப் பூட்டியும் விடுகிறான். உண்மையில் அந்நகரம் மற்ற ஊர்களைவிட அதிகப் பச்சையன்று. எல்லாம் ஆள்பவன் செய்த தந்திரம். படத்திலோ கண்ணாடியே இல்லை, நகரமே பச்சை! போதாக்குறைக்கு, யாவும் டாரதி கண்ட கனவென்று வீட்டார் அவளுக்குச் சமாதானம் சொல்லுகிறார்கள். நூலிலோ அவள் மெய்யாகவே போய், மெய்யாகவே திரும்புகிறாள்.

ஆட்சியாளர் மாட்டிவிட்ட கண்ணாடியைத் தம் கண்ணென்றே நம்பிய ஜனங்கள் எத்தேசத்தில்தான் இருந்ததில்லை? அதைக் குழந்தைகளுக்கு விளையாட்டாகவே உணர்த்திவிடுகிறது இந்நூல். ஆகவே, குழந்தைகளுக்குப் படத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். வீடு திரும்பியதும் புத்தகத்தையும் கையில் கொடுங்கள்.