ஹியூகெனாட்டு முன்னோரைத் தேடுதல்



ஐரோப்பிய வரலாற்றைக் கற்பித்த நாள்களில் நான் ஒரு செய்தியை ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டு மேலே சென்றுவிடுவதுண்டு. பிரான்சு நாட்டு மன்னன் பதினான்காம் லூயி 1685ஆம் ஆண்டில் நாண்டிஸ் கட்டளையை நீக்கினான். ஹியூகெனாட்டுகள் எனப்பட்ட புராடஸ்டண்டுகள் பிற நாடுகளுக்கு ஓடினர் என்பதே அவ்வாக்கியம். தேர்வுக்கு அது போதும். ஓடியவர்களின் பேரர்களும் அவர்தம் பேரர்களும் தம் மூதாதையர் யார், எவ்வூரினர் என்று எங்ஙனம் அறிந்தனர் என்னும் வினாவை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை, நானும் எழுப்பியதில்லை. ஓய்வு பெற்ற பின்னரே என் மனம் அதில் சென்றது.

நான்காம் ஹென்றி 1598ஆம் ஆண்டில் அளித்த வழிபாட்டுரிமையைத்தான் லூயி பறித்தான். புராடஸ்டண்டுக் கோயில்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் பதினைந்து நாள்களுக்குள் நாட்டை விட்டு நீங்க வேண்டும். ஏனையோரோ நீங்கவே கூடாது. எல்லையில் பிடிபட்ட ஆடவரைத் துடுப்புக் கப்பல்களில் பிணித்தனர், பெண்டிரைச் சிறையிட்டனர். அவ்வாறிருந்தும் ஒன்றரை இலட்சத்துக்கும் இரண்டு இலட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள் இங்கிலாந்து, ஹாலந்து, ஜெர்மானிய நாடுகள், சுவிட்சர்லாந்து முதலிய இடங்களுக்குத் தப்பிச் சென்றனர் என்பர். நள்ளிரவில் மிடாக்களுக்கிடையே ஒளிந்து கப்பலேறுகிறவன் குடும்பப் பத்திரங்களையா சுமந்து செல்வான்?

நாட்டில் தங்கிவிட்டவர் நிலை வேறுவகையில் சிக்கலானது. அவர்களுடைய குழந்தைகளுக்குக் கத்தோலிக்கக் குருவே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே உள்ளத்தால் புராடஸ்டண்டாக இருந்த ஒருவருடைய பிறப்பு கத்தோலிக்கப் பங்கின் பதிவேட்டிலே கிடைக்கும். அங்கே கண்டதனால் அக்குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம் என்று முடிவு கட்டுவது தவறு. குருவிடம் செல்ல மறுத்தவர்கள் காட்டிலும் மலையிலும் மறைவாகப் போதகரைக் கொண்டு திருமணம் செய்தனர். 1787ஆம் ஆண்டில் பதினாறாம் லூயி இசைவளிக்கும் வரை சட்டம் அத்திருமணங்களை ஏற்கவில்லை. பழைய ஏடுகளுக்கு நேர்ந்த கேடும் சிறிதன்று. பாரிசுப் புராடஸ்டண்டுகள் கூடிய ஷாரண்டோன் கோயில் 1685இல் இடிபட்டது. அதன் பதிவேடுகளோ 1871ஆம் ஆண்டுப் பாரிசுக் கலகத் தீயில் அழிந்தன.

இத்தகைய நிலையில் தேடுவோர் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் புகட்டிய அதே நெறிதான். தம்மிலிருந்து தந்தை, தந்தையிலிருந்து பாட்டன் என ஒவ்வொரு படிக்கும் சான்று வைத்துப் பின்னோக்கி ஏற வேண்டும். பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றனர். புகழ்பெற்ற பிரெஞ்சுப் பிரபு ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவரிடமிருந்து தம்மை நோக்கிக் கயிறு திரிக்கின்றனர். பெயரொற்றுமை ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாகிவிடுகிறது. இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒலியுடைய பெயர் இருந்தால் அது ஹியூகெனாட்டுப் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1066இல் வந்த நார்மானியருடையதாகவும் இருக்கலாம். மறுபுறம், உண்மையான ஹியூகெனாட்டின் பெயர் உருவே மாறிப்போயிருக்கும். ‘வெள்ளை’ எனப் பொருள்படும் லெ பிளாங் என்னும் பெயரை ஒயிட் என்று மொழிபெயர்த்துக் கொண்டவர்கள் உண்டு. 1688 முதல் தென்னாப்பிரிக்க முனையில் குடியேறியவர்களிடையே வில்லோன் என்பது டச்சுக்காரர் நாவில் ஃபில்யூன் ஆயிற்று.

இலண்டனில் திரெட்நீடில் தெருப் பிரெஞ்சுத் திருச்சபை வைத்திருந்த ஏடுகள் தேடுவோர்க்குப் பெருந்துணை. ஓரிடத்துச் சபையிலிருந்து வந்தவர் தம் நன்னடத்தைக்குச் சான்றுக் கடிதம் கொணர்வது வழக்கம். அச்சான்றுகளைக் குறித்த ஏடு 1669 முதல் 1789 வரை செல்கிறது. அச்சத்தால் மதம் மாறியவர் சபை முன் நின்று வருந்தி மீண்டும் சேர்ந்த செய்திகளும் பதிவாகியுள்ளன. பிறந்த ஊரின் பெயர் அங்கே அகப்படுமாயின் பிரான்சில் தேட வழி திறக்கும். வெளியேற்றத்தின் இருநூறாம் ஆண்டாகிய 1885இல் இலண்டனில் தோன்றிய ஹியூகெனாட்டுச் சங்கம் இத்தகைய பதிவேடுகள் பலவற்றை அச்சிட்டு வழங்கிற்று.

பிரெஞ்சுப் பதிவுகளில் ஒரு நன்மை உண்டு. மணமான பெண்ணையும் அவள் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிப்பர். ஆதலின் தாய்வழியும் இருளில் மறைவதில்லை. ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோர் பெயர்களை அவசரக்காரர்கள் படிக்காமல் தாண்டிவிடுவர். பெரும்பாலும் அவர்கள் மாமனாகவோ சிற்றப்பனாகவோ இருப்பர் என்பதை மறத்தலாகாது.

நாள்களைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பிரான்சு 1582இலேயே கிரிகோரியன் நாட்காட்டியை ஏற்றது. இங்கிலாந்து 1752 வரை ஏற்கவில்லை. அதுவரை ஆங்கிலேயரின் சட்டப்படி ஆண்டு தொடங்கிய நாள் மார்ச்சு 25. அம்முறையில் எழுதிய ஏட்டில் 1690 மே மாதம் திருமணமும் 1690 பிப்ரவரியில் முதற் குழந்தையின் ஞானஸ்நானமும் இருப்பின் யாரையும் பழிக்க வேண்டுவதில்லை. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1691.

எழுதியவர் எங்ஙனம் அறிந்தார் என்பதையும் வினவ வேண்டும். நானே சேர்க்கைப் பதிவேட்டில், “பெரும்புயல் அடித்த ஆண்டில் பிறந்தான், ஐயா” என்று தந்தையார் சொல்லக் கேட்டு, கணக்கிட்டு ஒரு தேதியை எழுதியதுண்டு. என் கையெழுத்து அழகாக இருப்பதனால் இன்று அதனை ஐயுறுவார் இலர்!

அமெரிக்க விடுதலைப் போரில் 1775 ஏப்ரல் 18ஆம் நாள் இரவு குதிரையேறிச் செய்தி சொன்ன பால் ரிவீரை நீங்கள் அறிவீர்கள். அவர் தந்தையின் இயற்பெயர் அப்பொலோஸ் ரிவுவார். பாஸ்டனில் வெள்ளி வேலை கற்று, ஊரார் நாவுக்கு எளிதாகும்படி பெயரை மாற்றிக்கொண்டவர். பால் ரிவீர் ஞானஸ்நானம் பெற்றது பாஸ்டன் பதிவேட்டின்படி 1734 டிசம்பர் 22. அவர் பிறந்த நாளைச் சில நூல்கள் 1735 ஜனவரி 1 என்கின்றன. பிறக்குமுன்னரே ஞானஸ்நானமா என்று மயங்காதீர்கள். இரு நாட்காட்டிகளுக்கும் இடையே அப்போது இருந்த 11 நாள் வேறுபாடே அது.

பால் ரிவீர் பின்னாளில் கெர்ன்சித் தீவிலும் பிரான்சிலும் இருந்த உறவினரோடு கடிதத் தொடர்பு கொண்டார். அக்குடும்பத்தார் எழுதி வைத்த குறிப்பின்படி, போர்தோ நகருக்குக் கிழக்கே ரியோக்கோ என்னும் சிற்றூரில் 1702 நவம்பர் 30ஆம் நாள் இரவு பத்து மணியளவில் அப்பொலோஸ் பிறந்தார். அதே பெயருடைய சிற்றப்பன் ஞானத்தந்தை. அக்குறிப்பில் இன்னொரு தேதியும் இருக்கிறது. சிறுவன் கெர்ன்சித் தீவிலிருந்த மற்றொரு சிற்றப்பனிடம் செல்ல வீட்டை விட்டுப் புறப்பட்ட நாள் அது: 1715 நவம்பர் 21. அவனுக்குப் பதின்மூன்று வயது நிரம்ப அன்று ஒன்பது நாள்கள் இருந்தன.