புது பம்ப், பழைய சொட்டு

வாட்டர் பம்ப் மாற்றி மூன்றாம் நாள். காலையில் காரை எடுத்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைத் திட்டு. ஏசி தண்ணீர்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தொட்டேன். வழவழவென்றது, கூலன்ட்.

"புது பம்பே கோளாறுங்க" என்றேன், இந்த முறை வேறு மெக்கானிக்கிடம்.

"அவசரப்படாதீங்க சார், எங்கேர்ந்து வருதுன்னு பார்ப்போம்."

இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியை அவர் தொடவில்லை. சூட்டில் திறந்தால் கொதிக்கிற கூலன்ட் முகத்தில் பீய்ச்சும்.

பம்பின் அடியில் ஒரு குட்டித் துளை உண்டு. உள்ளே சீல் போனால் அதன் வழியாக ஒழுகும். அப்போது பம்பையே மாற்ற வேண்டியதுதான். எங்கள் துளை காய்ந்து கிடந்தது. ஈரமெல்லாம் பம்பும் இன்ஜினும் சேரும் விளிம்பில்.

கழற்றினார். பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒன்று, நகம் அளவு, இன்ஜின் பக்கம் ஒட்டியிருந்தது. இவ்வளவுதான்! அலுமினியம் கீறினால் அதுவே அடுத்த ஒழுகலுக்கு வழி என்று பிளாஸ்டிக் சுரண்டியால் பதமாக எடுத்தார். புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்.

கூலன்ட்டும் வடிநீரும் 50:50. உள்ளே சிக்கிய காற்று போகும்வரை ஹீட்டரைப் போட்டு ஓடவிட்டார்.

அன்றிரவு காருக்கு அடியில் அட்டை விரித்தேன். காலையில் அதன்மேல் பூனைதான் படுத்திருந்தது.