வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கடல்

கோர்சிகாவின் வரைபடத்தைக் காட்டினால், "கடலோரச் சாலைதானே, ஒரே நாளில் சுற்றிவிடலாமே?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. தீவின் நீளம் சுமார் 180 கிலோமீட்டர், அகலம் 80-க்குச் சற்று மேல். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், ஏன் முடியாது என்று சொல்கிறேன்.

மத்தியதரைக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான இந்தத் தீவு, உண்மையில் கடலுக்குள் நிற்கும் ஒரு மலைத்தொடர். உச்சியான மோன்ட்டே சிந்தோ 2,706 மீட்டர். அங்கிருந்து கடல் 30 கிலோமீட்டர்கூட இல்லை. அதனால் மேற்குக் கரையில் மலை சரிந்து நேராகத் தண்ணீரிலேயே இறங்கிவிடுகிறது. சாலைக்கென்று சமதளம் கிடையாது. பாறையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து வெளியே வந்துதான் தார்ச்சாலை போகிறது. எதிரே பளிச்சென்று தெரியும் முனைக்குப் போய்ச்சேர எத்தனை வளைவு இருக்கிறதென்று போனால்தான் தெரியும். போர்த்தோவிலிருந்து கால்விக்கு 75 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். இங்கே கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணிக்கணக்கைப் பாருங்கள்.

கிழக்குக் கரை தட்டையானது, சாலையும் நேரானது. அப்படியென்றால் பழைய ஊர்களெல்லாம் அங்கேதானே இருக்க வேண்டும்? இல்லை. அந்தச் சமவெளி முழுக்க மலேரியா. இரண்டாம் உலகப் போரின்போது 1944-இல் அமெரிக்க ராணுவம் டிடிடி தெளித்த பிறகுதான் ஆட்கள் நிம்மதியாகக் குடியேற முடிந்தது. முற்காலத்தில் கொசுவுக்குத் தப்பினாலும் கடற்கொள்ளையர் வருவார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஜெனோவாவின் ஆட்சியில் கட்டிய வட்டக் காவல் கோபுரங்கள் இன்றும் முனைக்கு முனை நிற்கின்றன. ஊர்க்காரர்கள் மலைமேல் ஏறிக்கொண்டார்கள். ஆகவே பல இடங்களில் நீங்கள் கூடாரம் போட்டுத் தங்கும் முகாம் கீழே கரையோரத்தில் இருக்கும், பழைய ஊர் மேலே இருக்கும். கரையிலேயே இருக்கும் ஜிரோலாதாவுக்கோ இன்றைக்கும் சாலையே கிடையாது. படகில் போகலாம், அல்லது நடக்கலாம்.

இனி முக்கியமான விஷயம்: எந்தத் திசையில் சுற்றுவது? அங்கே வண்டி ஓட்டுவது சாலையின் வலப்பக்கம். கடிகார முள் போகிற திசையில் தீவைச் சுற்றினால் உங்கள் வலப்பக்கம் மலை. பள்ளத்துக்கும் உங்களுக்கும் நடுவே எதிர்த்தடம் இருக்கும். எதிர்த்திசையில் சுற்றினால் கடல் உங்கள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே. படம் எடுப்பவர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள், காட்சி அதில்தான் நன்றாகத் தெரியும். முதல்முறை ஓட்டுபவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

பியானாவுக்கும் போர்த்தோவுக்கும் நடுவில் போனால் காரணம் புரியும். 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் செம்பாறைகள் அங்கே செங்குத்தாக நிற்கின்றன. சாலை அவற்றின் இடுக்கில் புகுந்து போகிறது. ஓரத்தில் தாழ்வான கல் சுவர், அவ்வளவுதான். வளைவில் திடீரென்று ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நிற்கும். இரண்டு வண்டியின் பக்கக் கண்ணாடிகளையும் மடக்கி, அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். பிரான்சில் மலைச்சாலை விதி ஒன்று உண்டு: இடம் போதவில்லை என்றால் இறங்குகிற வண்டிதான் முதலில் நிற்க வேண்டும், ஏறுகிற வண்டி போகட்டும். பின்னால் உள்ளூர்க்காரர் ஒட்டிக்கொண்டு வந்தால் கௌரவம் பார்க்காமல் ஒதுங்கி வழி விடுங்கள். அடுத்த வளைவில் பன்றியோ மாடோ நடுரோட்டில் படுத்திருக்கலாம். அவற்றுக்கு எந்த விதியும் கிடையாது.

கூடாரம் பற்றி. நினைத்த இடத்தில் போட அனுமதி இல்லை, கடற்கரையில் இரவு தங்கவும் கூடாது. கட்டணம் கட்டித் தங்கும் முகாம்கள் கரை நெடுகிலும் உண்டு; குளிர்காலத்தில் பெரும்பாலானவை மூடிவிடும். கோடையில் வெளியில் நெருப்பு மூட்டுவதற்குத் தடை, அது வெறும் சம்பிரதாயம் இல்லை. சரிவுகளை மூடியிருக்கும் 'மாக்கி' என்ற புதர்க்காட்டில் ரோஸ்மேரி, மிர்ட்டில் மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள வாசனைச் செடிகள் நிறைய. காய்ந்த கோடையில் ஒரு பொறி பட்டால் காற்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும். காஸ் அடுப்பைக்கூட எங்கே பற்றவைக்கலாம் என்று முகாம்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

நிழலுக்காகப் பெரிய மரத்தடியைத் தேடுவோம், இயல்புதான். ஆனால் 2022 ஆகஸ்ட் 18 காலையில், சூடேறிக் கிடந்த கடலைத் தாண்டி வந்த புயல் மேற்குக் கரையில் மோதியது. மாரிஞானா என்ற மலையூரில் காற்று மணிக்கு 225 கிலோமீட்டர் வரை வீசியது. தீவில் ஐந்து பேர் இறந்தார்கள். முகாம்களில் மரம் விழுந்து இறந்தவர்களும் அதில் உண்டு. மலை பக்கத்திலேயே இருப்பதால், மேலே பெய்யும் மழை ஆற்றில் சீக்கிரமே வெள்ளமாக இறங்கிவிடும். வறண்ட ஆற்றுப்படுகை எவ்வளவு சமமாக இருந்தாலும் அங்கே படுக்காதீர்கள். காலையும் மாலையும் வானிலை அறிவிப்பைப் பாருங்கள்.

மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை போவது நல்லது, கூட்டமும் வெயிலும் குறைவு. கப்பல் டிக்கெட்டை மர்சேயிலிருந்தோ தூலோனிலிருந்தோ அஜாக்சியோவுக்கு எடுங்கள். அங்கிருந்து போர்த்தோ, கால்வி என்று வடக்கே போய், சான் ஃப்ளோரானைத் தாண்டி, காப் கோர்ஸ் முனையை மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றி, பாஸ்தியாவில் திரும்பும் கப்பலைப் பிடியுங்கள். வழி நெடுக மலை உங்கள் வலப்பக்கமே இருக்கும்.