உங்களுக்குத் தெரியுமா? இழுத்தால் சேரும் எலும்பு

வழுக்கி விழும்போது கையை ஊன்றுகிறோமே, அப்போது பெரும்பாலும் முறிவது ஆரை எலும்பின் மணிக்கட்டு முனைதான். டப்ளின் நகர மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் இந்த முறிவை 1814-இல் விவரித்து எழுதினார். எக்ஸ்ரே வந்தது 1895-இல்!

எல்லா முறிவும் மாவுக்கட்டுக்கு அடங்காது. எலும்பு நொறுங்கியிருந்தால், நேராக்கிக் கட்டிய பிறகும் முன்கைத் தசைகளின் இழுப்பில் அது குறுகிச் சரிந்துவிடும். 'நிலையற்ற முறிவு' என்பது இதைத்தான்.

அதற்கு வைத்தியம், எதிர்த்திசையில் இழுப்பது. உடைந்த துண்டுகளில் தசைநார்கள் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கையை நீளவாக்கில் இழுத்தால் அவை விறைத்து, துண்டுகளைத் தம் இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். முறிந்த இடத்தைக் கீறித் திறக்க வேண்டாம். உடம்பே கயிறு கொடுத்திருக்கிறது. இழுக்க இழுக்க இறுகும் பின்னல் உறைகளை விரல்களில் மாட்டி, கையை மேலே தொங்கவிட்டு, மேற்கையில் சில கிலோ எடை கட்டுவார்கள். மயக்க மருந்து கொடுத்த பிறகுதான், பயப்படாதீர்கள்.

இழுத்ததை நழுவவிடாமல் பிடித்துவைப்பது வெளிச்சட்டம். ஆள்காட்டி விரலுக்கு நேரே உள்ளங்கை எலும்பில் இரண்டு ஊசிகள், முன்கையில் ஆரை எலும்பில் இரண்டு. தோலுக்கு வெளியே ஒரு தண்டு இவற்றைப் பூட்டி வைக்கும், பொதுவாக ஆறு வாரம். விரல்களைத் தொடக்கத்திலிருந்தே மடக்கி நீட்டிவர வேண்டும். அளவுக்கு மீறி இழுத்துப் பூட்டினால் அவை விறைத்துப்போகும். ஊசித் துளையில் சீழ் பிடிப்பதுதான் அடிக்கடி வரும் தொல்லை.

மூட்டின் நடுவே உள்ளே அமுங்கிய துண்டை இந்த இழுப்பால் தூக்க முடியாது. அதைப் பிடித்திழுக்க நார் இல்லை. கருவியால் நெம்பித்தான் எடுக்க வேண்டும்.

வெளிச்சட்டத்தின் முன்னோடிகளில் ஒருவரான பெல்ஜியத்தின் ஆல்பன் லம்போட், வயலின்களையும் தம் கையாலேயே செய்தவர். மர வேலை தெரிந்த கை, எலும்பில் தடுமாறுமா என்ன!

இப்போது எலும்பின் மேல் திருகிப் பொருத்தும் தகடுகளுக்குத்தான் மவுசு. அதற்காகப் பழைய முறைகள் ஓய்ந்துவிடவில்லை. இழுத்தே நேராக்க முடிந்த முறிவுகளில், பழைய முறைப்படி எலும்பில் மெல்லிய கம்பி செருகப்பட்டவர்களையும் தகடு வைக்கப்பட்டவர்களையும் பிரிட்டனில் ஒப்பிட்டார்கள். 2014-இல் வெளியான முடிவு: ஓராண்டுக்குப் பிறகு கையின் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விபத்தில் தோல் கிழிந்து, புண்ணில் மண் ஏறிய கைக்கோ, பல நேரம் முதலில் பூட்டுவது வெளிச்சட்டம்தான். தகடு வேண்டுமென்றால், புண் சுத்தமாகி வீக்கம் வடிந்த பிறகு.