எட்டாம் மாதத்துப் பிள்ளைகள்

ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்ற பேச்சு நம் தோட்டங்களில் இன்னும் உண்டு. அது தவறு. தாய் வயிற்றில் கூடும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலமே.

எட்டாம் மாதம் பிறந்த இரட்டையரை வளர்க்கும் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். தாய் ஒன்றையும் தகப்பன் ஒன்றையும் வெறும் நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்கிறார்கள். 1978இல் கொலம்பியா நாட்டில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கிய முறை இது.

குறைமாதப் பிள்ளைக்கு விழித்திரை கெட்டால் வெளியே தெரியாது. அதனால் கண்ணையும் டாக்டரிடம் காட்டுகிறார்கள். "ஆண்டவர்கிட்ட கேக்குறோம், கிளினிக்குத் தேதியையும் விடமாட்டோம்" என்கிறார் பாட்டி.

ஒருநாள் சம்பளம் போனால் சம்பாதிக்கலாம். பிள்ளையின் கண் போனால்? தாய்மார்களே, கார்டில் குறித்த நாளைத் தவறவிடாதீர்கள்!